தேயிலை நிழலிற் படரும் சிறுபுள்ளடி

புள்ளடி என்னும் சொல்லை இலங்கைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. தேர்தற் காலத்தில் விரும்பிய சின்னத்துக்கு நேரே புள்ளடி இடுகின்றோம்; விடைத்தாளிற் பிழை கண்டவிடத்தும் ஆசிரியர் புள்ளடியே இடுவர். புள் என்றாற் பறவை. ஈர மண்ணிற் குருவி நடந்த சுவடு போன்ற குறியாதலின் அதற்கு அப்பெயர் வந்தது. அதே பெயரைத் தாங்கிய செடியொன்று றொசல்ல மலைகளில் நம் காலடியிற் கிடக்கின்றது. விளையாட்டுத் திடலின் ஓரம், ஒற்றையடிப் பாதை, லயத்து வாசல், கானின் கரை, தேயிலை நிரைகளின் இடைவெளி ஆகிய எங்கும் அதனைக் காணலாம். அதன் பெயர் சிறுபுள்ளடி. மிதித்துச் செல்வோர் பலர். சுரண்டி எறிவோர் பலர். பெயர் சொல்ல அறிந்தோர் மிகச் சிலர். இவ்விழா மலரில் அச்சிறு செடியைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு அதுவே முதற் காரணம். மற்றைக் காரணம் பெரிது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இச்செடி நிமிர்ந்து வளர்வதன்று. கடினமான ஆணிவேரொன்றிலிருந்து நூல் போன்ற தண்டுகள் பல திசையிலும் நிலத்தோடு ஒட்டி ஓடும். தண்டின் கணு மண்ணைத் தொட்ட இடத்திற் புதிய வேர் இறங்கும். ஒரு செடி நாளடைவிற் பாயாக விரிகின்றது. ஆடு மாடு மேய்ந்தாலும், புல்வெட்டும் பொறி மேலே ஓடினாலும் அது சாவதில்லை. முன்னிலும் நெருங்கிப் படர்கின்றது. ஆண்டுதோறும் விதைக்க வேண்டிய தேவையுமில்லை, பல்லாண்டு வாழும் செடி. ஒவ்வோர் இலையும் மூன்று சிற்றிலைகளால் ஆனது. சிற்றிலை பெரும்பாலும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேற் போவதில்லை. அடி ஒடுங்கி, நுனி அகன்று, நுனி நடுவிற் சிறிது குழிந்திருக்கும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தாற் குருவியின் மூன்று விரல்கள் தோன்றும். பெயரிட்டவரின் கண்ணைப் பாராட்டவே வேண்டும்.

பூ இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தது. அரிசிமணியினும் மிகப் பெரிதன்று. இலைக்கக்கத்தில் ஒன்று முதல் ஐந்து வரை மலரும். மூன்று மலர்வது மிகுதி. குனிந்து நோக்குவோர்க்கே அது அவரைப் பூவின் அமைப்புடையது என்பது புலனாகும். பூ வாடியபின் தட்டையான சிறு காய் தோன்றும். அதன் மேல் விளிம்பு நேராகவும், கீழ் விளிம்பு பற்கள் போல வெட்டுண்டும் இருக்கும். முற்றிய காய் வெடிப்பதில்லை. மூன்று நான்கு துண்டுகளாகக் கழன்று போகும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு விதை. அதன் மேற்பரப்பிற் கொக்கி போன்ற நுண்ணிய மயிர்கள். ஆட்டின் உரோமத்திலும் மனிதரின் ஆடையிலும் அவை ஒட்டிக்கொள்ளும். மாலையிற் பந்தாடி வீடு சேர்ந்து, காற்சட்டையில் ஒட்டிய பழுப்பு நிறத் துண்டுகளை நகத்தாற் கிள்ளியெடுத்த பழைய மாணவர், தாம் அறியாமலே இச்செடியின் விதைகளை ஒரு மலையிலிருந்து மற்றொரு மலைக்குச் சுமந்தவராவர்.

தாவரவியலாரும் அக்காயை நோக்கியே பெயரிட்டனர். இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1747இல் ஒரு நூல் வெளியிட்ட சுவீடன் நாட்டு இலின்னேயசு, 1753இல் இச்செடிக்கு ‘மூன்று பூவுடையது’ எனப் பொருள்படும் சிறப்புப் பெயரைச் சூட்டினார். பின்னர், 1825இல், தே காண்டோல் என்பவர் இதனைத் தெசுமோடியம் என்னும் இனத்திற் சேர்த்தார். கிரேக்க மொழியிற் சங்கிலி அல்லது கட்டு எனப் பொருள்படும் சொல்லடியாகப் பிறந்தது அப்பெயர். துண்டு துண்டாகக் கோத்த காயைக் குறித்தது. 2018இல் யப்பானிய அறிஞர் இருவர் அப்பேரினத்தைப் பிரித்து இதனைக் குரோனா என்னும் இனத்துள் வைத்தனர். ஆகவே புதிய நூல்களில் ‘குரோனா திரைபுளோரா’ என்றும், பழைய நூல்களில் ‘தெசுமோடியம் திரைபுளோரம்’ என்றும் காண்போர் இரண்டும் ஒன்றே எனக் கொள்க. சிங்கள மக்கள் இதனை ‘ஹீன் உந்துபியலிய’ என்பர். விஞ்ஞானப் பெயர் இரண்டு முறை மாறியும் நாட்டார் பெயர் மாறாதிருப்பது தமிழாசிரியர்க்குச் சிறிது மகிழ்ச்சி தருவதேயாம்.

மூன்று சிற்றிலை கண்டவுடன் சிறுபுள்ளடி என்று துணிதல் ஆகாது. புளியாரைக்கும் மூன்றே சிற்றிலைகள். ஆயின் அதன் சிற்றிலை நன்றாகப் பிளந்த இதய வடிவினது, வாயிலிட்டாற் புளிக்கும், தோட்டங்களிற் பரவலாகக் காணப்படும் வகை மஞ்சட் பூப் பூக்கும். அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததுமன்று. மேலே நுவரெலியா, அம்பேவலைப் பக்கத்துப் புல்வெளிகளிற் காணப்படும் வெண்குளோவர் என்பது ஐரோப்பாவிலிருந்து வந்த செடி; சிறுபுள்ளடியின் உறவினமே. பாயாகப் படர்வதிலும், கணுதோறும் வேர்விடுவதிலும் இரண்டும் ஒத்தவை. வெண்குளோவரின் பூக்கள் வெண்ணிறப் பந்து போலத் திரண்டு நீண்ட காம்பின்மேல் நிற்பது வேற்றுமை. இலண்டனிலும் கனடாவிலும் வாழும் நம் பழைய மாணவர்க்குச் சிறுபுள்ளடி அகப்படாது. வீட்டு முற்றத்துப் புற்றரையில் வெண்குளோவர் அகப்படும். அதனைக் கொண்டு இதனை நினைத்துக்கொள்ளலாம்.

அவரை, துவரை, பயறு, உளுந்து, கடலை ஆகியன பிறந்த குடும்பம் இது. தேயிலைத் தோட்டமும் அக்குடும்பத்தை வெகுகாலமாக நம்பி வாழ்கின்றது. நிழலுக்கு நட்ட முள்முருக்கு இனம் அவரைக் குடும்பம். வேலியிலும் நிரையிலும் நிற்கும் கிளிசிரிடியா அதே குடும்பம். புதிய நடுகை நிலத்திற் பசளைக்காக வளர்த்த கிலுகிலுப்பையும் காவிளையும் அதே குடும்பம். மேலே மரமாகவும் நடுவிற் செடியாகவும் விருந்தழைத்த குடும்பத்தின் கடைக்குட்டி, அழையாமலே வந்து அடியிற் படுத்திருக்கின்றது. அழைத்த மூத்தவர்களுக்கு உபசாரம். அழையாத இளையவனுக்குச் சுரண்டி!

அக்குடும்பத்தை விரும்பி அழைத்ததேன்? நம்மைச் சூழ்ந்த காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். தாவரங்களுக்கு அது இன்றியமையாதது. ஆயினும் காற்றில் உள்ளபடியே அதனை எடுத்துக்கொள்ளும் ஆற்றல் எந்தச் செடிக்கும் இல்லை. அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேரிலே சிறு கணுக்கள் உண்டு. அவற்றுட் குடியிருக்கும் பற்றீரியாக்கள் காற்றின் நைதரசனைச் செடிக்கு உதவும் பொருளாக மாற்றிக் கொடுக்கின்றன. செடி அவற்றுக்கு வெல்லம் கொடுக்கின்றது. செர்மானிய அறிஞரான எல்ரீகலும் வில்பாத்தும் 1888இல் வெளியிட்ட ஆராய்ச்சியால் இவ்வுண்மை நிலைபெற்றது. உழவர் அதற்குப் பன்னூறாண்டு முன்னரே பயறு விளைந்த நிலத்தில் அடுத்த பயிர் செழிப்பதை அறிந்திருந்தனர், காரணந்தான் அறிந்திலர். சிறுபுள்ளடி ஒன்றை மெல்லப் பெயர்த்து வேரைக் கழுவினாற் கடுகு போன்ற கணுக்கள் தெரியும். ஒன்றை நகத்தாற் பிளந்து பார்க்க. உள்ளே இளஞ்சிவப்பாயின் பற்றீரியாக்கள் உழைக்கின்றன. வெளிறியோ பசுமையாகவோ இருப்பின் அக்கணு ஓய்ந்துவிட்டது. அச்சிவப்பைத் தருவது நம் குருதிக்கு நிறம் தரும் பொருளின் இனமான ஒரு புரதம் என்பது வியப்புக்குரியது.

எனினும் இச்செடியின் பெருமை நைதரசனில் மாத்திரம் இல்லை. றொசல்லயில் இதனினும் பெரிய பணி ஒன்று இதற்கு உண்டு. அதுவே முதலிற் கூறிய பெரிய காரணம்.

வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே கிடப்பது நம்மூர். வட்டவளைப் பகுதி இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று; ஆண்டில் 5000 மில்லிமீற்றருக்கு மேற் பெய்கின்றது. யாழ்ப்பாணத்து மழையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு எனலாம். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தால் வாரக்கணக்கில் வெயில் காணோம். பெருமழையின் துளியொன்று ஐந்து மில்லிமீற்றர் விட்டமுடையது. நொடிக்கு ஏறத்தாழ ஒன்பது மீற்றர் வேகத்தில் நிலத்தை அடைகின்றது. வெறுமண்ணில் விழுந்த துளி மண்கட்டியை உடைத்து நுண்துகளை மேலே தெறிக்கச் செய்கின்றது. சரிவான நிலத்தில் மேலே தெறித்த துகள் கீழ்ப்புறமாகவே மிகுதியும் விழும். உடைந்த துகள் மண்ணின் துளைகளை அடைக்க, நீர் உள்ளே இறங்க வழியின்றி மேலே ஓடுகின்றது. ஓடும் நீர் துகளை அள்ளிச் செல்கின்றது. தேயிலைச் செடியின் கவிகை மழையைத் தடுக்காதோ எனின், கவாத்து வெட்டிய மலையிலும், இளங்கன்று நட்ட மலையிலும், செடிகள் செத்து வெளியான இடங்களிலும் தடுப்பது யாது? கவிகை நெருங்கிய இடத்திலும் இலையிற் சேர்ந்து பருத்துச் சொட்டும் துளி மண்ணைத் தாக்கவே செய்யும். நிலத்தோடு ஒட்டிய பச்சைப் பாயொன்று அவ்வடியைத் தான் வாங்கிக்கொள்கின்றது. அதன் தண்டுகள் ஓடும் நீரைத் தடுத்துத் தடுத்து விடுகின்றன. கணுதோறும் இறங்கிய வேர் மண்ணைத் தைத்துப் பிடிக்கின்றது.

மண் போவதைக் கண் எளிதில் அறிவதில்லை. சிறு கணக்கொன்று போட்டுப் பார்க்க. ஒரு எக்ரயர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள மண் பத்துக் கன மீற்றர். நிறையில் ஏறத்தாழ 10 தொன். அத்தனை மண் போயினும் நிலம் தாழ்ந்தது ஒரு மில்லிமீற்றரே. யார் கண்ணுக்குத் தெரியும்? தேயிலைத் தூரின் அடிவேர் வெளியே தெரியுங்காலத்திற்றான் போனது எவ்வளவு என்பது புலனாகின்றது. பழைய மலைகளில் வேர்கள் விரல் நீட்டியதுபோல் வெளியே நிற்பதை நம்மூரார் அனைவரும் கண்டிருப்பர். போன மண் எங்கே சென்றது? நம் ஓடைகள் மகாவலி கங்கையிற் சேர்வன. மகாவலியை மறித்து 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணைக்கட்டின் நீர்த்தேக்கம், பன்னிரண்டே ஆண்டுகளிற் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வண்டலால் தூர்ந்தது. அவ்வண்டல் தேயிலை மலைகளிலிருந்து மாத்திரம் வந்ததன்று. காய்கறி, புகையிலைத் தோட்டங்களின் பங்கும் உண்டு. ஆயினும் நம் மலைகளின் பங்கு இல்லையென்று சொல்லமுடியாது.

இவ்விடத்திற் ‘களை’ என்னும் சொல்லைச் சிறிது நோக்குவோம். களைதல் என்றால் நீக்குதல். களையப்படுவது களை. ஆகவே அது செடியொன்றின் குணத்தைச் சொல்லும் பெயரன்று. நிலத்துக்குடையவன் அச்செடியைப் பற்றிக் கொண்ட தீர்ப்பைச் சொல்லும் பெயர். தொல்காப்பியர் மரபியலில் வெளியே வைரமுடையவற்றைப் புல் என்றும், உள்ளே வைரமுடையவற்றை மரம் என்றும் வகுத்தார். தோட்டத்து வழக்கோ இன்னும் சுருக்கமானது. தேயிலையும் நிழல் மரமும் தவிர எஞ்சிய யாவும் ‘புல்லு’. அவற்றை நீக்குவது ‘புல்லு வெட்டு’. பெயர் ஒன்றானபடியால் தண்டனையும் ஒன்றாயிற்று.

கோப்பிக் காலத்திலேயே இத்தீர்ப்பு எழுதப்பட்டது. பயிர் தவிர வேறொரு பச்சை இலை தோன்றாத தோட்டமே நல்ல தோட்டம் என்பது அக்காலத் துரைமாரின் கொள்கை. 1869இற் காணப்பட்ட இலைத்துரு நோயாற் கோப்பி அழிந்து, பின்னர்த் தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. மேல்மண் முன்னமே கழுவுண்ட மலைகளிலே தேயிலையும் அதே கொள்கையோடு நடப்பட்டது. மாதந்தோறும் இத்தனை ஏக்கர் எனக் குடும்பங்களுக்குப் புல்லுக் கொந்தரப்புக் கொடுக்கப்பட்டது. மலை செம்மண் தெரியச் சுத்தமாயிருந்தாற்றான் முழுக்காசு. தாயும் தந்தையும் பிள்ளைகளுமாகக் கையிற் சுரண்டியோடு குனிந்து நிலத்தை வழித்தெடுத்தனர். எம் முன்னோரும் அவ்வாறு குனிந்தவர்களே. புல்லின் வேரோடு ஒரு கைப்பிடி மேல்மண்ணையும் சுரண்டித் தளர்த்திவிட்டு, அடுத்த மழைக்கு ஆயத்தமாக வைத்த வேலை அது. உழைத்தவர்மேற் குற்றமில்லை, காசுக்கு அளவுகோலாக வெறுமண்ணை வைத்த முறையின்மேற் குற்றம். 1925இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், கான் வெட்டுதல், கவாத்துக் குப்பையை நிலத்திற் பரப்புதல், தீங்கற்ற மென்செடிகளை விட்டுத் தீங்கானவற்றை மட்டும் தெரிந்து நீக்குதல் ஆகியவற்றை வற்புறுத்தி வந்துள்ளது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. எனினும் ‘சுத்தமான மலை’ என்ற புகழ்ச்சி இன்றும் நம் நாவில் இருக்கின்றதன்றோ?

சுரண்டியின் இடத்தைக் களைகொல்லி பிடித்தபோது மண் தளர்வது குறைந்தது உண்மை. ஆனால் மருந்துக்கு நண்பனும் பகைவனும் ஒன்றே; தெளித்த இடத்தில் யாவும் கருகும். 2015இல் கிளைபோசேற்று என்னும் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் பல தோட்டங்கள் ஆட்பற்றாக்குறையால் இடர்ப்பட்டன. தெரிந்து களைவதற்குக் கண்ணும் கையும் வேண்டும். அதற்கேற்ற கூலியும் வேண்டும். இதைச் சொல்லாமல் செடியின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

செடியின் பெருமையையும் அளவோடு பேசவேண்டும். 2021இல் இரசாயனப் பசளை திடீரென நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே அம்முடிவு மாற்றப்பட்டது. அந்நாளில் அவரைக் குடும்பச் செடிகள் யூரியாவுக்கு ஈடாகும் எனச் சிலர் எளிதாகப் பேசினர். கொழுந்து பறிக்கப்படுந்தோறும் நிலத்தை விட்டுப் போகும் நைதரசனைச் சிறுபுள்ளடிப் பாய் ஒன்றே ஈடுசெய்யும் என்பது நடவாத காரியம். அது கொடுப்பது சிறிது. அச்சிறிதும் பெரும்பாலும் அதன் இலையும் வேரும் மட்கியபின்னரே தேயிலைக்குக் கிட்டும். அவ்வாறே மண்சரிவையும் இதனால் நிறுத்த முடியாது. 1947இற் கொத்மலைப் பகுதியிலும், 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் கொசுலாந்தை மீரியபெத்தையிலும் நேர்ந்தவை மலையின் ஆழத்தில் நீர் தேங்கி நேர்ந்தவை. மீரியபெத்தையில் நம்மவரின் லயங்கள் புதையுண்டதை நினைக்க நெஞ்சு நடுங்குகின்றது. ஆழ்மண் பெயர்வது வேறு, மேல்மண் கழுவுண்பது வேறு. சிறுபுள்ளடி காப்பது பின்னதனையே.

பாயாகப் படரும் அவரைக் குடும்பச் செடி யாவும் நண்பரும் அல்ல. தொட்டாற்சுருங்கியும் அக்குடும்பமே. அது வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்தது. வேர்க்கணுவும் உண்டு, மண்ணையும் மூடும். ஆயின் அதன் முள் கொழுந்தெடுப்போரின் காலையும் கெண்டையையும் கீறிவிடும். அதனை நிரையில் வைத்துக்கொள்க என்று மேசையிலிருந்து எழுதுவோர் ஒரு நாள் அந்நிரையில் நின்று பார்க்கட்டும். அவுரி இனத்துப் படர்செடி ஒன்று இலங்கையிலும் சாவகத்திலும் நிலம் மூடுவதற்கெனத் தேயிலையில் வளர்க்கப்பட்டது. மண்ணைக் காப்பதில் அது வல்லது. ஆனால் கால்நடைகளுக்கு நஞ்சு. ஈரலைக் கெடுக்கும் அந்நஞ்சு 1968இற் பிரித்தறியப்பட்டது. மாடு வளர்க்கும் லயத்துக் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நன்று. சிறுபுள்ளடியை மாடும் ஆடும் விரும்பி மேயும், முயலும் தின்னும். இதன் இலையை அரைத்துப் புண்ணுக்குப் பூசும் நாட்டு வழக்கமும் உண்டு. புற்றரையில் தாழப் பறக்கும் சிறு நீல வண்ணத்துப்பூச்சியொன்று இதன் இலையில் முட்டையிடுகின்றது. சுற்றத்தாருள்ளும் பெயர்பெற்றோர் உளர்: கென்யாவிற் சோள நிரைகளுக்கிடையே நடப்படும் தெசுமோடியச் செடிகளின் வேர்நீர், சோளத்தின் வேரை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிக் களையை அடக்குகின்றது.

தேயிலைக் கன்று இளமையாயிருக்கும்போது தூரைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு எச்செடியையும் விடாமல் வைத்தல் தகும். நீருக்கும் பசளைக்கும் இளங்கன்றோடு எதுவும் போட்டியிடலாகாது. அப்பால் உள்ள இடைவெளியிலும், கானின் கரையிலும், பாதையோரத்திலும் இப்பாய் இருக்கட்டும். உயர்ந்து வளரும் புல்லையும், கொடியாக ஏறித் தேயிலையை மூடுவனவற்றையும் வேரோடு கையாற் பிடுங்கி அதே இடத்தில் கவிழ்த்துப் போடுக. வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர்க்கும் இது பொருந்தும்.

மாணவர் இதனைத் தாமே கண்டறியப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரே அளவான இரண்டு பிளாத்திக்குப் போத்தல்களைப் படுக்கவைத்து மேற்பக்கத்தை நீளவாட்டில் வெட்டுக. ஒன்றில் வெறுமண்ணை நிரப்புக. மற்றதிற் சிறுபுள்ளடிப் பாயை மண்ணோடு பெயர்த்து வைத்து, அது வேரூன்ற மூன்று கிழமை விடுக. இரண்டையும் ஒரே சரிவிற் சாய்த்து, வாய்ப்புறத்தில் ஒவ்வொரு கண்ணாடிக் குவளை வைத்துப் பூவாளியால் ஒரே அளவு நீரைத் தெளிக்க. குவளைகளில் விழும் நீரை ஓரிரவு அசையாமல் வைத்து, அடியிற் படிந்த மண்ணின் தடிப்பை அடிமட்டத்தால் அளந்து குறிப்பேட்டில் எழுதுக. தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் வைகாசியிலேயே போத்தல்களை ஆயத்தம் செய்தால், பூவாளிக்கு வேலையின்றி வாசலில் வைத்தே அளக்கலாம்.